ப்ரீ பிட் மீட்டிங்கில நான் கேக்காம விட்ட கேள்வி

போன கிழமை ஒரு தம்பி கோல் எடுத்து "அண்ணே, ஒரு டெண்டர்ல நாங்கதான் ஆகக் குறைஞ்ச விலை, ஆனா வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க, கேஸ் போடலாமா" எண்டு கேட்டான். மூதூர்ப் பெடியன், சின்னதா நெட்வேர்க், கொம்பியூட்டர் ரிப்பெயார் எண்டு செய்யிறவன். போன்ல கொஞ்சம் சொன்னனான், ஆனா மனசு ஆறேல்ல, ஏனெண்டா இதே கேள்வியோட நானும் ஒரு காலம் திரிஞ்சனான்.

எங்கட கதையைச் சொல்லுறன். இங்க திருகோணமலையில ஒரு கந்தோர், பேர் வேண்டாம். அறுபது கொம்பியூட்டர், ஒரு சேர்வர், நெட்வேர்க், கமெரா எல்லாத்தையும் ரெண்டு வருஷம் பராமரிக்கிற டெண்டர். நாங்க போட்டது 4 மில்லியன் ரூபாவுக்குக் கொஞ்சம் கீழ. பிட், அதுதான் விலை மனுக்களைத் திறந்த அண்டைக்கு நானும் பார்ட்னரும் போய் இருந்தம், ஒவ்வொரு என்வலப்பா வெட்டி விலையைச் சத்தமா வாசிச்சாங்க, நாலு பேரில நாங்கதான் குறைவு. வாற வழியில கடற்கரையில மான் படுத்திருக்கிற பக்கம் பைக்கை நிப்பாட்டி வீட்டுக்குக் கோல் எடுத்து "கிடைச்ச மாதிரித்தான்" எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு மாசத்தால லெட்டர் வந்தது, ரெண்டே வரி, உங்கட பிட் தெரிவு செய்யப்படேல்ல, பங்குபற்றினதுக்கு நன்றி. ஏன் எண்டு ஒரு சொல் இல்ல.

எல்லாரும் சொன்னது "விடு, கேக்கப் போனா அடுத்த டெண்டர்லயும் தூக்கிப் போடுவாங்க" எண்டுதான். இந்தப் பயம்தான் எங்களை மாதிரிச் சின்ன ஆக்களைச் சாகடிக்குது. நாங்க விடேல்ல, காரணத்தை எழுத்தில தாங்க எண்டு கேட்டு ஒரு கடிதம் குடுத்தம். பதில் வந்தது. கடைசி 5 வருஷத்துக்குள்ள இதே மாதிரி மூண்டு கொண்டிராக்ட், ஒவ்வொண்டும் 10 மில்லியனுக்கு மேல செய்திருக்கோணும், நீங்க செய்யேல்ல, அதால உங்கட விலையைப் பார்க்கவே இல்ல.

4 மில்லியன் வேலைக்கு 10 மில்லியன் அனுபவம்! எனக்குத் தெரிய திருகோணமலையில ஒருத்தராலயும் அதைக் காட்டேலாது. கோபத்தில லோயரிட்ட ஓடினம். அவர் டொக்கியுமெண்டைப் புரட்டிப்போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இந்தக் கண்டிஷன் முதல் நாளே இதுக்குள்ள இருக்கு, அப்ப ஏன் கேக்கேல்ல?"

எனக்கு அந்த ப்ரீ பிட் மீட்டிங், பிட் போட முதல் சந்தேகம் கேக்கக் கூப்பிடுற கூட்டம், அப்பிடியே கண்ணுக்குள்ள வந்தது. நீட்டு மேசை, பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தது, கொழும்பில இருந்து வந்த ஒருத்தர் யூபிஎஸ் பற்றரியை யார் மாத்துறது எண்டு கேட்டார், அதைக் குறிச்சு எடுத்தாங்க. என்ர கையில அந்தப் பக்கத்தை மடிச்சு வச்சிருந்தனான், பென்சிலால கோடும் போட்டிருந்தன். "வேற கேள்வி இருக்கா" எண்டு ரெண்டு தரம் கேட்டாங்க. நான் பேசாம இருந்திட்டன். சேர்மார் பிழையா எடுப்பினம், விலையைக் குறைச்சுப் போட்டா இதைப் பெரிசு படுத்த மாட்டினம் எண்டு நினைச்சன்.

தம்பி, இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. டெண்டர்ல ரெண்டு மணிக்கூடு ஓடுது. டொக்கியுமெண்டில இருக்கிற கண்டிஷன் அநியாயம் எண்டா அதைக் கேக்கிற நேரம் பிட் மூடுறதுக்கு முதல். ஒத்துக்கொண்டு பிட்டைப் போட்டிட்டு, தோத்த பிறகு கண்டிஷன் பிழை எண்டு நிண்டா கேக்கிறதுக்கு ஆள் குறைவு. கண்டிஷன் சரி, அதைப் பாவிச்ச விதம்தான் பிழை, பொயின்ட்ஸைப் பிழையாப் போட்டாங்க, தகுதியில்லாத ஆளுக்குக் குடுத்தாங்க எண்டா அந்த மணிக்கூடு முடிவு தெரிஞ்ச அண்டைக்குத்தான் தொடங்குது, அதுவும் நாள்க்கணக்கில. அமெரிக்காவில இதை எழுதியே வச்சிருக்கிறாங்கள். டொக்கியுமெண்டில பிழை எண்டா மூடுறதுக்கு முதல், மற்றது பிழை தெரிஞ்சு பொதுவா 10 நாளுக்குள்ள. இந்த முறைப்பாட்டை விசாரிக்கிற அங்கத்த அரச கணக்காய்வு அலுவலகம் 100 நாளுக்குள்ள தீர்ப்புச் சொல்லோணும், நேரத்துக்கு முறைப்பாட்டைப் போட்டா அதுவரைக்கும் பொதுவா வேலையும் நிக்கும்.

பென்டகன், அதுதான் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர ஜெடை எண்ட கிளவுட் கொண்டிராக்ட் நல்ல உதாரணம், 10 வருஷத்துக்கு 10 பில்லியன் டொலர் வரைக்கும். ஒரக்கிள் எண்ட சொப்ட்வெயார் கொம்பனி 2018 லயே, பிட் மூட முதலே, ஒரே கொம்பனிக்கு எல்லாத்தையும் குடுக்கிறது பிழை, தகுதிக் கண்டிஷனும் பிழை எண்டு போய் நிண்டது. கணக்காய்வு அலுவலகத்திலயும் தோத்தது, 2019 ல கோட்டிலயும் தோத்தது, அந்தக் கண்டிஷனை ஒரக்கிளால நிரப்பேலாது, அதால அதுக்குப் பாதிப்பில்ல எண்ட மாதிரி. அந்த வருஷம் ஒக்டோபர்ல மைக்ரோசொப்டுக்குக் கிடைச்சது, அமேசன் கோட்டுக்குப் போய் 2020 பெப்ரவரியில வேலையை நிப்பாட்டிப்போட்டுது, 2021 ஜூலையில பென்டகனே கான்சல் பண்ணிச்சு. 2022 டிசம்பர்ல புதுக் கொண்டிராக்ட் அமேசன், கூகிள், மைக்ரோசொப்ட், ஒரக்கிள் எண்டு நாலு பேருக்கும் போச்சு. ஒரு ஆளுக்குக் குடுக்காதீங்க எண்டு ஒரக்கிள் கேட்டு, தோத்த விஷயம்தான் கடைசியில நடந்தது. கேட்டு எழுத்தில இருந்தா அது எங்கயோ நிண்டு வேலை செய்யும் எண்டு நான் நம்புறன்.

எங்கட நாட்டில பாதை இருக்கு, ஆனா ஒழுங்கில்ல. அரச டெண்டர் முறையைப் பார்க்கிற தேசிய கொள்முதல் ஆணைக்குழுவை 2015 ல 19ஆம் திருத்தத்தில கொண்டு வந்தாங்க, 2020 ல 20ஆம் திருத்தத்தில எடுத்தாங்க, 2022 ல 21ஆம் திருத்தத்தில திரும்ப வச்சாங்க. ஆகப் பெரிய டெண்டருக்கு அப்பீல் போர்ட் இருக்கு, எங்கட சைஸ் வேலைக்கு முதல்ல கந்தோருக்கும் மேலதிகாரிக்கும் கடிதம் குடுக்கலாம். அதுக்கு மேல ரிட், அதுதான் அரச முடிவு சட்டப்படி பிழை எண்டு கோட்டில போடுற மனு. மாகாணசபை விஷயம் எண்டா இங்கயே ஹைகோட்டில கேக்கலாம், மத்திய அரசு எண்டா கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம். சுணங்கினா அதையே காரணமாச் சொல்லித் தள்ளுவாங்க. இன்னொண்டு, ஆர் குறைஞ்ச விலை எண்டு கோட் திரும்ப எண்ணாது, முறையா நடந்ததா எண்டுதான் பார்க்கும்.

இதெல்லாம் டெண்டர் கூப்பிட்டாத்தானே. 2024 ல ஒன்லைன் விசா வேலையைப் போட்டி டெண்டரே இல்லாம வெளி ஆக்களுக்குக் குடுத்ததை எதிர்த்து வழக்குப் போய், ஓகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த வழக்கைக் கொண்டு போனது தோத்த கொம்பனி இல்ல, அப்ப எம்பியா இருந்த சுமந்திரன் ஆக்கள். தோக்கிறதுக்குக்கூட ஒருத்தருக்கும் இடம் குடுக்கேல்ல.

தம்பி, உன்ர விஷயத்தில முதல் காரணத்தை எழுத்தில கேள், இண்டைக்கே. தராட்டி தகவல் அறியும் சட்டம் இருக்கு, 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம், தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம், தாறதா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள சொல்லோணும். மற்றவன்ர வியாபார ரகசியத்தைத் தர மாட்டாங்க, ஆனா உனக்கு ஏன் இல்ல எண்டதைக் கேக்க உனக்கு உரிமை இருக்கு.

நாங்க இப்ப இன்னொரு டொக்கியுமெண்ட் வாங்கியிருக்கிறம், அதிலயும் அதே மாதிரி ஒரு அனுபவக் கண்டிஷன். நேற்று உவர்மலைப் பக்கம் அந்தக் கந்தோருக்குப் போய், வேலைப் பெறுமதிக்கு ஏத்த மாதிரி அதைக் குறைக்கேலுமா எண்டு கேட்டு ஒரு பக்கக் கடிதம் குடுத்தன். கவுண்டர்ல இருந்த அக்கா வாசிச்சுப் பார்த்திட்டு "இப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லயே தம்பி" எண்டு சொல்லி, என்ர கொப்பியில திகதி சீல் குத்தித் தந்தா. பிட் மூட இன்னும் பதினொரு நாள் இருக்கு.