பிறர் ஒட்டிய பசை

புதிய பெட்டியைப் பிரித்து ஒரு கார் மாடலைக் கட்டுவதைவிட, யாரோ எப்போதோ அவசரமாக ஒட்டிப் பெயின்ட்டை அப்பி வைத்த பழைய மாடல் ஒன்றைப் பிரித்து மறுபடியும் கட்டுவதில்தான் சில ஆண்டுகளாக என் மனம் செல்கிறது. இப்போது மேசையில் இருப்பது அறுபதுகளின் அமெரிக்கக் கார் ஒன்றின் 1:25 அளவு மாடல், அதாவது உண்மைக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நீளமுள்ளது. மேலே தடித்த நீலம், அதற்கடியில் வெள்ளை, கண்ணாடியில் பசை படிந்த ஒரு கைரேகை. இந்த நிலையில் என்னிடம் வந்தது.

பிரிப்பதுதான் முதல் சோதனை. இவ்வகை மாடல்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. இவற்றுக்கான பசை இரண்டு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுவதால், நன்றாக ஒட்டிய இணைப்பு ஏறத்தாழ பற்றவைத்தது போலாகிவிடுகிறது. ஆனால் டியூப் பசையைக் கட்டியாகப் பிதுக்கி ஒட்டிய இடங்கள் பெரும்பாலும் மேலோட்டமாகவே பிடித்திருக்கும். அத்தகைய மாடலை ஓர் இரவு உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பழம்பசை நொறுங்கும் தன்மை அடைந்து, மெல்ல நெம்பும்போது விட்டுக்கொடுக்கும். எனக்கு அடிச்சட்டமும் இருக்கைகளும் இப்படியே கழன்றன. இன்ஜின் மட்டும் அசையவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பெயின்ட்டை நீக்குவதில் நான் கற்ற பாடம் சற்று விலையுயர்ந்தது. முதன்முதலாக மீட்க முயன்ற மாடலின் கூரையை லாக்கர் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன்; பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் இளகியது, கூரையோரத்து மழைநீர்ப் பள்ளத்தின் கோடு அடையாளமின்றி மறைந்தது. இப்போது அடர்த்தியான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உடற்பகுதியை மூழ்கடித்து வைத்து, பெயின்ட் இளகியபின் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். அக்ரிலிக் பெயின்ட்டுக்கு இதுவே பெரும்பாலும் போதும். பிடிவாதமான எனாமலுக்குப் பிரேக் ஆயில் உதவும். கையுறையும் காற்றோட்டமும் இன்றி அதைத் தொடுவதில்லை.

தடித்த பெயின்ட்டை அகற்றியே தீரவேண்டும் என்பதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. பூச்சின் கனம் 0.1 மி.மீ. என்றால், 1:25 அளவில் அது உண்மையான காரின் மேல் 2.5 மி.மீ. பெயின்ட் பூசியதற்குச் சமம். கதவு இடுக்குகள் தூர்ந்து, எழுத்துச் சின்னங்கள் வெறும் மேடுகளாகிவிடுவது இதனால்தான். ஆகவே பிரைமர் அடிப்பதற்கு முன்பே இடுக்குகளைக் கூரிய ஊசியால் கவனமாக ஆழப்படுத்துவதும், மாடலை வார்த்த அச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் மட்காப்பின் மேல் ஓடும் மெல்லிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதும் அவசியம். பட்டி பார்த்த இடங்களை ஒரு நாளாவது காயவிட வேண்டும். காயக் காயச் சுருங்கும் பட்டி, பெயின்ட்டுக்கு மேலே பள்ளமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த மாடலுக்கு வெள்ளை அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிளாஸ்டிக்கின் சாயம் பூச்சினூடே கசிந்து இளஞ்சிவப்பாகத் தோன்றலாம். இடையில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தடுக்க முடிகிறது.

குரோம் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. பம்பரிலும் சக்கர மூடியிலும் இருக்கும் பளபளப்பு, வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய படலம். வீட்டில் பயன்படும் பிளீச்சில் ஊறவைத்தால் அது கரைந்துபோகும். திரும்ப அதே தரத்தில் கொண்டுவருவதோ கடினம். எனவே ஓரங்கள் தேய்ந்த பம்பரை அப்படியே வைத்துக்கொள்வதே மேல் என்று நினைக்கிறேன். புத்தம்புதிய பளபளப்பை நாடும் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

உதிரிக்காக இன்னொரு மாடலைப் பலியிடும்போது அளவைப் பார்க்காமல் ஏமாந்ததும் உண்டு. 4.8 மீட்டர் நீளமுள்ள கார் 1:24-இல் 20 செ.மீ.; 1:25-இல் 19.2 செ.மீ. இருக்கைகளை மாற்றினால் கண் மன்னித்துவிடும், முன்கண்ணாடியை மாற்றினால் பொருந்தவே பொருந்தாது. டயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய வினைல் டயர்களை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த மென்மையாக்கிப் பொருள் வெளியேறி, ஆண்டுக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தின் பிளாஸ்டிக்கை மெல்ல அரித்து உருக்கிவிடுகிறது. என் நீலக் காரின் இரண்டு சக்கரங்கள் இப்படித்தான் பள்ளம் விழுந்திருந்தன. பட்டி வைத்துச் சரிசெய்து, டயருக்கும் சக்கரத்துக்கும் இடையே மெல்லிய உலோகத் தாள் ஒன்றைச் சுற்றியிருக்கிறேன்.

கண்ணாடியின் கைரேகையை 2000 எண் ஈர உப்புத்தாளில் தொடங்கி, பாலிஷ் பசைவரை போய்த் தேய்த்ததில் முக்கால்வாசி மறைந்துவிட்டது. மீதியைப் போக்க இன்னும் தேய்த்தால் கண்ணாடி மெலிந்து வளைந்து தெரியும் என்பதால் அங்கேயே நிறுத்தினேன். வெயில் படும் கோணத்தில் வைத்தால், முன்பு கட்டியவருடைய கட்டைவிரலின் இரண்டு மூன்று வரிகள் ஓட்டுநர் பக்கத்தில் இன்னும் தெரிகின்றன.