பத்துக் கேள்வியும் ஒரு கையெழுத்தும்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்காக நூறு கேள்வி மனப்பாடம் செய்தேன். அதில் ஒன்றுகூட ‘ப்ராப்’ பற்றி இல்லை. ப்ரபோசிஷன் என்பதன் சுருக்கம் அது, மக்களே நேரடியாக ஓட்டு போட்டு முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு. 2023-ல் உறுதிமொழி எடுத்தேன். 2024 அக்டோபரில் வாக்குச்சீட்டு தபாலில் வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் பதிவு செய்த எல்லாருக்கும் சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். வரிசையில் நிற்க வேண்டாம், விரலில் மை இல்லை, எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டே உறையைப் பிரித்தேன்.

அதிபர், செனட், காங்கிரஸ் எல்லாம் ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம்தான் சோதனை. ப்ராப் 2 முதல் 6 வரை, பிறகு 32 முதல் 36 வரை, ஆக மொத்தம் பத்து. முதல் ஐந்தும் சட்டமன்றம் மக்களிடம் அனுப்பியவை. பின் ஐந்தும் கையெழுத்து திரட்டிச் சீட்டில் ஏறியவை. சாதாரணச் சட்டம் என்றால் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். அந்த முறை கணக்கு 5,46,651. முந்தின வருடம் மளிகைக்கடை வாசலில் ஒரு பையன் கிளிப்போர்டை நீட்டியபோது, கையில் பையோடு, என்ன ஏது என்று படிக்காமல் நானும் ஒன்றில் போட்டிருக்கிறேன். இந்த ஐந்தில் எது என் கைங்கர்யம் என்று இன்றுவரை தெரியாது.

ஊரில் என் பாட்டி எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாமல் ஒரு தேர்தல் விடாமல் ஓட்டு போட்டவர். சின்னத்தைப் பார்த்தால் போதும், குத்திவிடலாம். இங்கே சட்டத்துக்குச் சின்னம் கிடையாது, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். விளக்கப் புத்தகம் ஒன்று மாநிலமே அனுப்புகிறது. இந்தியில்கூட அது கிடைக்கிறது, தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் படித்தும் ப்ராப் 33-க்கு வந்தபோது பேப்பர் எடுத்து எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. நகரங்கள் பல வீடுகளின் வாடகைக்கு உச்சவரம்பு வைப்பதற்குத் தடை போடும் 1995-ம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை நீக்கலாமா? ஆம் என்றால் தடை போகும். தடை போனால் உச்சவரம்பு வந்துவிடுமா? அதுவும் இல்லை, நகரம் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இது எங்கள் அடுப்பங்கரை வரை வரும் விஷயம். நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட் 2016-ல் கட்டியது. அந்தச் சட்டப்படி 1995 பிப்ரவரி 1-க்குப் பிறகு கட்டியவற்றை எந்த நகரமும் தொட முடியாது. 2019-ல் மாநிலம் கொண்டுவந்த உச்சவரம்பும் பதினைந்து வருடம் ஆகாத கட்டடத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் இவர் ஏன் பெருமூச்சு விடுகிறார் என்பதற்குச் சட்டப் பிரிவு எண்ணோடு காரணம் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக் கொலுவுக்குப் போனேன். சுண்டல் கிண்ணம் கைக்கு வரும் முன்பே பேச்சு இதில் திரும்பிவிட்டது. அக்காவுக்கு சாக்ரமென்டோவில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று உண்டு.

“இது வந்துச்சுன்னா நான் வித்துட்டுப் போயிடுவேன்டி. அப்புறம் வாடகைக்கு யாரு வீடு கட்டுவா?”

“எங்க வாடகை ஏறுற வேகத்துக்கு நாங்களும் போயிடுவோம் போல அக்கா.”

யாரும் யாரையும் மாற்றவில்லை. ஆனால் சோபாவில் இருந்த இன்னொருவர் கேட்ட கேள்விதான் எனக்கு வழிகாட்டியது: “34-ஐ யார் கொண்டுவந்தாங்கன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. மோசம் என்னவென்றால், முந்தின இரவே 34-க்கு ‘ஆம்’ என்று வட்டத்தை நிரப்பிவிட்டேன். மருந்துத் தள்ளுபடியில் மருத்துவ அமைப்புகளுக்கு வரும் பணத்தில் 98 சதவீதத்தை நோயாளிகளுக்கே செலவழிக்க வேண்டும் என்பது சாரம். யார் வேண்டாம் என்பார்கள்? வீட்டுக்கு வந்து முழு விளக்கத்தையும் படித்தேன். விதி எல்லா மருத்துவ அமைப்புக்கும் இல்லை. பத்து வருடத்தில் நேரடி சிகிச்சை அல்லாதவற்றுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும். கூடவே கடுமையான சுகாதார, பாதுகாப்பு மீறல் குறைந்தது ஐந்நூறு பதிவான அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் நடத்தியிருக்க வேண்டும். இந்த அளவில் தைத்த சட்டை எத்தனை பேருக்குப் பொருந்தும்? ப்ராப் 33-ஐக் கொண்டுவந்த எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற மருத்துவத் தொண்டு அமைப்பைக் குறிவைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். 34-க்குப் பணம் போட்டது குடியிருப்பு உரிமையாளர்களின் சங்கமான கலிஃபோர்னியா அபார்ட்மென்ட் அசோசியேஷன். மருந்து என்று நான் நினைத்த கேள்வியும் வாடகைச் சண்டையின் இன்னொரு முனைதான்.

சீட்டைக் கெடுத்துவிட்டால் மாற்றுச் சீட்டு கேட்கலாம். சோம்பல், கேட்கவில்லை.

அதன்பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். விளம்பரங்களைப் பார்ப்பதில்லை என்று முடிவு. புத்தகத்தில் முதலில் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் எழுதும் பகுதி. கட்சி சாராத அலுவலகம், செலவுக் கணக்கை உடைத்துச் சொல்லிவிடும். அப்புறம் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களின் கீழே கையெழுத்திட்டவர் யார் என்று மட்டும். கடைசியில் மாநிலத்தின் இணையதளத்தில் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற பட்டியல். ப்ராப் 2 பள்ளிகளுக்கு, ப்ராப் 4 தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைக்கு. இரண்டும் தலைக்கு 1,000 கோடி டாலர் கடன். இவர் உடனே இஎம்ஐ பார்க்க ஆரம்பித்துவிட்டார். ப்ராப் 4-க்கு வருடம் சுமார் 40 கோடி டாலர் வீதம் 40 வருடம். “வாங்குறது ஆயிரம், கட்டுறது ஆயிரத்து அறுநூறு. நம்ம வீட்டுக் கடனை விடப் பரவாயில்லையே!” என்றார். இரண்டுக்கும் ஆம் போட்டோம்.

ப்ராப் 6-ல் இந்த வழியும் கைகொடுக்கவில்லை. சிறைக் கைதிகளைத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்குவதை அரசியல் சாசனத்திலிருந்து நீக்கலாமா என்பது கேள்வி. எதிர்ப்பு வாதம் எழுதித் தர ஒருவரும் முன்வரவில்லை, அந்த இடம் காலி. எதிர்ப்பே இல்லாதது ஜெயித்துவிடும் என்று நினைத்தேன். தோற்றது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் அதே நாளில் ஏறக்குறைய இதே கேள்வி வென்றது. அங்கே சீட்டில் ‘அடிமைத்தனம்’ என்ற சொல்லே இருந்தது. எங்கள் சீட்டில் அதற்குப் பதில் வாய்க்குள் நுழையாத ஒரு சட்டச் சொற்றொடர். முடிவு மாறியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவை படித்தபோது கேள்வியே எனக்குப் பிடிபடவில்லை என்பது உண்மை.

உறையின் பின்பக்கம் கையெழுத்து போட்டு, நூலகத்து வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். தேர்தல் முடிந்து சில நாளில் கவுண்ட்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். எனக்குச் சட்டென்று விளங்கியது. பழைய பழக்கத்தில் தமிழில் போட்டிருக்கிறேன். ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது ஆங்கிலக் கிறுக்கல். இணைத்திருந்த படிவத்தில் அந்தக் கிறுக்கலை இரண்டு தடவை பழகிப் பார்த்துப் போட்டு அனுப்பினேன்.

அதற்குள் 33 தோற்றிருந்தது, பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். குறைந்தபட்ச ஊதியத்தை 18 டாலராக்கும் 32 கடைசிவரை இழுத்து நூலிழையில் விழுந்தது. 34-ம் அப்படித்தான் இழுத்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது. நவம்பர் கடைசியில் ஒரு நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது போனில் குறுஞ்செய்தி: உங்கள் வாக்கு எண்ணப்பட்டது. இவரிடம் காட்டினேன். “34-ம் சேர்த்துதானே?” என்றார்.