பெட்டிக்குள்ளேயே செத்துப்போன ஷூ

மூன்று வருஷமாகப் பெட்டியை விட்டு எடுக்காத ஷூ. மறுவீட்டு விருந்துக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நெல்லை ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைக்கவில்லை, அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது.

ரோட்டோரம் செருப்பு தைக்கிற அண்ணாச்சி பார்த்ததுமே, "போடாமலே வச்சிருந்தீயளோ தம்பி?" என்றார். பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் வகையில் செய்த சோல் அப்படித்தானாம். காற்றின் ஈரம் இறங்கி, சும்மா கிடந்தாலும் நைந்துவிடும்.

மேல்தோல் மட்டும் அப்படியே இருந்தது. முதுகுப்பக்கத் தோல் என்றார்; வயிற்றுப்பக்கம் என்றால் போகப்போக நெகிழுமாம். தோலைக் கால் வடிவக் கட்டையில் போர்த்தி, ஓரத்தை இடுக்கியால் இழுத்து அடியில் ஒட்டினால்தான் ஷூவுக்கு உருவமே வரும். தோலைப் பதப்படுத்த முன்பெல்லாம் ஆவாரம்பட்டை, கடுக்காய். நம்ம பக்கம் பொட்டலில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு.

பழைய பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் சோலிலும் ஷூவிலும் பசை தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பந்திக்கு நேரமாகிறது.

"ஒட்டுங்க அண்ணாச்சி."

"காயட்டும். ஈரத்துல ஒட்டினா நிக்காது."

விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகுதான் அழுத்திச் சுத்தியலால் தட்டினார். போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. நல்லவேளை, சொதி மிச்சமிருந்தது.