ரெண்டு ரவுண்டு ஓடு

நம் ஊரில் ஓட்டம் என்றால் தண்டனை. லேட்டாக வந்தால் கிரவுண்டைச் சுற்றி ரெண்டு ரவுண்டு, ஹோம்வொர்க் செய்யாவிட்டால் தோப்புக்கரணம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரமே இல்லை. இப்படி வளர்ந்து கல்லூரிக்கு வரும் பிள்ளையிடம் "மனசு சரியில்லையா, எக்சர்சைஸ் பண்ணு" என்றால் அதுவும் தண்டனையாகத்தான் காதில் விழும். கடலூரில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

போன வருஷம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. வகுப்புக்கு வருவது நின்றுபோய், பகலெல்லாம் ஹாஸ்டல் அறையில் படுத்தே கிடக்கிறாள், மெஸ்ஸுக்குக்கூட இறங்குவதில்லை என்று அறைத்தோழி வந்து சொன்னாள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். காட்டினோம். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தவர், தினமும் கொஞ்சம் நடக்கவும் சொன்னார்.

அந்தக் கொஞ்சம்தான் பெரும்பாடு. எழுந்து உட்காரும் தெம்பையே பறித்துக்கொள்ளும் நோய் இது. அவளிடம் ஷூ வாங்கு, அலாரம் வை என்று பட்டியல் போட்டு என்ன பயன்? ஆர்வம் வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் வரவே வராது. கிளம்ப ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான் மெல்ல எட்டிப் பார்க்கும். அதனால் நான் வேலை கொடுத்தது அறைத்தோழிக்கு. "அட்வைஸ் எதுவும் வேண்டாம்மா. காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவோரம் நில். அவள் வரும்வரை நில், அவ்வளவுதான்."

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மூவரும் நடந்தோம். காய்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அலை நனைத்த ஓரம்தான் சௌகரியம். முதலில் படகுகள் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பினோம். "இவ்வளவுதானா மேம்? இதுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா?" என்றாள். கிடையாது என்றேன். அவளுக்கு முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் அல்ல, தூக்கம். அப்புறம் பசி.

2024ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 218 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது, பங்கேற்றவர்கள் 14 ஆயிரத்துக்கும் மேல். மனச்சோர்வுக்கு நடை, மெதுஓட்டம், யோகா, எடைப்பயிற்சி எல்லாமே பலன் தருகின்றன என்று சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு: எடைப்பயிற்சி பெண்களுக்கும், யோகா ஆண்களுக்கும் கூடுதலாக உதவியதாம். நம் கல்லூரிகளில் பையன்களை ஜிம்முக்கும் பெண்பிள்ளைகளை யோகா வகுப்புக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்!

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நடை, ஓட்டம் எல்லாம் பிறகு, உடனே 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை, செமஸ்டர் பரீட்சையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும். நடை மிக அவசியமான நேரத்தில் கடற்கரைப் பக்கமே போக முடியாது. அந்த நாட்களில் ஹாஸ்டல் வராந்தாவிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள்.

மழையைக்கூடச் சமாளித்துவிடலாம், ஹாஸ்டல் கேட்டைத்தான் முடியாது. பையன்கள் எந்நேரமும் கடற்கரையில் திரியலாம். பெண்கள் விடுதியில் வெயில் தாழும் நேரத்தில் பூட்டு விழும், காலையில் வெயில் ஏறிய பிறகுதான் திறக்கும். விடியற்காலையில் வெளியே விடுவது விளையாட்டு வீராங்கனைகளை மட்டும். அதனால் தோழிகள் இருவர் பெயரையும் தடகள அணிப் பட்டியலில் சேர்த்தேன். எந்தப் போட்டிக்கு என்று வார்டன் கேட்டார். நடைப்போட்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.