போல்ட்டுக்குப் பசை போட்ட புண்ணியவான்

"உங்கள் பெட்டி காணாமல் போயிருக்கும்போல, அதனால் நானே புதுசாக ஒன்று வைத்துவிட்டேன், கவலை வேண்டாம்" என்று ஒரு மெயில் வரும். ஜியோகேச்சிங் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் இதைப் படித்தால், அடடா, எவ்வளவு நல்ல மனுஷன் என்பார்கள். பெட்டி வைத்தவனுக்கோ வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் பெட்டி எங்கேயும் போகவில்லை. அவருக்குத் தேடப் பொறுமையில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்காவது ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுதான் ஜியோகேச்சிங். 2000 மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு, ஜிபிஎஸ் சிக்னலில் தானே வேண்டுமென்று கலந்து வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. அதுவரை நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவி, திடீரென்று ஓரளவு யோக்கியமாக இடத்தைக் காட்ட ஆரம்பித்தது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் பாதி புதைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டு, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றார். உள்ளே புத்தகம், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ். இன்றைய விதிப்படி பெட்டிக்குள் சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது, இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் குழி தோண்டவும் கூடாது. அதாவது இந்த விளையாட்டின் முதல் பெட்டியை இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், பெட்டிகளைச் சரிபார்த்து அனுமதிக்கிற ரிவ்யூவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கண்டுபிடிக்கிறவர் செய்யவேண்டியது உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவது, அப்புறம் ஆப்பில் லாக், அதாவது ஒரு குறிப்பு, போடுவது. கிடைத்தால் கிடைத்தது என்று, கிடைக்காவிட்டால் டிஎன்எஃப் (டிட் நாட் ஃபைண்ட்) என்று. இந்த டிஎன்எஃப் போடுவதற்குத்தான் சில பேருக்கு மானம் போகிறது.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே பெட்டி பராமரிப்பது என்பதே ஒரு தனி உத்தியோகம். நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி வரைக்கும் எந்த மூடியும் மூடியாக இருக்காது, தாள் ஊறி இட்லி மாவு ஆகிவிடும். மழை இல்லாத நாளில் எறும்பு குடிவந்துவிடும். என் பையில் எப்போதும் ஒரு ட்வீசர், ஜிப் பை, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம், கத்தரித்து வைத்த லாக் தாள், துண்டுப் பென்சில் எல்லாம் இருக்கும் (பேனா வேண்டாம், ஈரத்தாளில் எழுதாது, பாதிப் பெயரோடு நின்றுபோகும்). என் மனைவிக்கு இந்தப் பை என்னவென்று தெரியும், ஆனாலும் விருந்தாளிகள் யாராவது கேட்டால் "அது அவரோட ஆபீஸ் சமாச்சாரம்" என்று சொல்லிவிடுவாள்.

மழையையும் எறும்பையும் கூட மன்னித்துவிடலாம். விளையாட்டைப் பற்றித் தெரியாத பொதுஜனம், நாங்கள் மகிள் என்று சொல்கிற கூட்டம், அவர்களால் எனக்குப் பெரிய தொல்லை வந்ததே இல்லை. குழந்தை ஏதாவது எடுத்துப் போயிருக்கலாம், துப்புரவுப் பணியாளர் குப்பை என்று நினைத்து அள்ளியிருக்கலாம், அது நியாயம். தொல்லை எல்லாம் விளையாடுகிறவர்களிடமிருந்துதான் வரும். அதிலும் திருடுகிறவன்கூடப் பரவாயில்லை. டிராவல் பக் என்று ஒரு உலோகத் தகடு உண்டு, எண் பொறித்தது, பெட்டி விட்டுப் பெட்டி போய்க்கொண்டே இருக்கவேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், எடுத்தான், போனான், கதை முடிந்தது. உதவி செய்கிறவன் இருக்கிறானே, அவன்தான் கல்யாண வீட்டில் கேட்காமலே சாம்பாரில் உப்புப் போடும் சித்தப்பா.

இப்போது என் போல்ட்டின் கதைக்கு வருகிறேன். மலாயா ரயில் 2011 ஜூலையில் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வருவதை நிறுத்தியபிறகு, அந்தப் பாதை இருபத்துநான்கு கிலோமீட்டருக்கு நடைவழியாக மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கால்வாய், அதன்மேல் ஒரு சின்ன நடைபாலம். எந்த இடம் என்று இதற்குமேல் சொல்லமாட்டேன், தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பாலத்தின் இரும்புக் கைப்பிடியில் வரிசையாக போல்ட்டுகள். அதில் ஒன்று மட்டும் என்னுடையது. திருகு இல்லை, ஓட்டை இல்லை, காந்தம்தான். இழுத்தால் வரும், உள்ளே குடைந்த இடத்தில் சுருட்டிய தாள். மற்ற போல்ட்டுகளின் துருவுக்குப் பொருந்த வேண்டும் என்று மூன்று விதப் பழுப்பு நிறத்தைக் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தட்டித்தட்டி அடித்தேன். ஐந்துக்கு நான்கு என்று கடினம் குறித்திருந்தேன். கண்டுபிடித்தவர்கள் எல்லாம் பத்து நிமிடம் பார்த்தும் ஏமாந்தேன் என்று எழுதுவார்கள், பத்துப் பெட்டி கண்டுபிடித்தால் ஒன்றுதான் கிடைக்கும் ஃபேவரிட் பாயிண்டைக்கூட எனக்காகச் செலவு செய்வார்கள். படித்துவிட்டு அன்று முழுக்க நல்ல மூடில் இருப்பேன்.

ஒருநாள் லாக் வந்தது. "கிடைத்தது, நன்றி. காந்தம் கொஞ்சம் லூசாக இருந்தது, யாராவது தட்டிவிட்டால் கால்வாயில் விழுந்துவிடும், பையில் சூப்பர் குளூ இருந்தது, ஒட்டிவிட்டேன்." இதைப் படித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். திரும்பப் படித்தேன். ஒட்டிவிட்டாராம்! இழுத்தால் வரவேண்டிய பொருளை இழுத்தால் வராமல் செய்துவிட்டு, கீழே ஒரு கட்டைவிரல் படமும் போட்டிருக்கிறார்.

அந்த வாரம் வேலை அப்படி, உடனே போகமுடியவில்லை. ஆப்பில் பெட்டியைத் தற்காலிகமாக முடக்கி, பழுது பார்க்கப்போகிறேன் என்று எழுதியும் வைத்தேன். யார் படிக்கிறார்கள்? மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்து வந்தவர் எல்லா போல்ட்டையும் இழுத்துப் பார்த்திருக்கிறார், எதுவும் வரவில்லை, எப்படி வரும். எனவே பெட்டி தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவைக் கைப்பிடிக்குக் கீழே செருகிவிட்டு, அதிலேயே தன் பெயரை எழுதி, "கிடைத்தது" என்று லாக் போட்டார். தானே வைத்ததைத் தானே கண்டுபிடித்த பெருமை அவருக்கு. இதற்குத்தான் த்ரோடவுன் என்று பெயர். அதற்கும் அடுத்து வந்தவர், இந்த டப்பா எல்லார் கண்ணிலும் படுகிறதே என்று அக்கறைப்பட்டு, அதை எடுத்துப் பாலத்து முனையில் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒளித்தார். அதைக் கண்டுபிடிக்காத இன்னொருவர் ஒரு மிட்டாய் டப்பாவை வைத்தார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இந்த விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது, அதற்காக நாங்கள் வரைபடத்தில் வட்டம் போட்டுப்போட்டுக் கண் வீங்குவோம். இங்கே பத்தடிக்குள் மூன்று.

நடுநடுவே வந்த லாக்குகளைப் படிக்கவேண்டுமே. "ரொம்ப எளிது, இதற்கா நாலு ஸ்டார்?" என்று ஒருவர். "கன்டெய்னர் தரம் சரியில்லை, உரிமையாளர் கவனிக்கவேண்டும்" என்று இன்னொருவர், அது என் கன்டெய்னரே இல்லை என்று நான் யாரிடம் போய் அழுவது. "போல்ட் ஐடியா பழையது என்றாலும் நன்றி" என்று ஒருவர் எழுதியிருந்தார், அவர் எந்த டப்பாவில் கையெழுத்துப் போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை காலை மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் இருக்கிற அசிட்டோன் சூப்பர் குளூவை இளக்கிவிடும், பெயிண்ட்டையும் சேர்த்துத்தான், ஆனால் வேறு வழி இல்லை. (வாங்கும்போது அசிட்டோன் இல்லாதது என்று ஒன்றும் விற்கிறார்கள், அது இதற்கு உதவாது.) பாலத்தில் முட்டிபோட்டு, பஞ்சில் நனைத்து, ஒரு இரும்பு போல்ட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

பின்னால் ஒரு குரல். "அண்ணே, நீங்களும் நட்டுக் கழட்டத்தான் வந்தீகளா?"

திரும்பிப் பார்த்தால் ஒரு தம்பி, கையில் விளக்குமாறு, மேலே பிரதிபலிக்கும் மஞ்சள் உடுப்பு. புதுக்கோட்டைப் பக்கமாம். என்னை எப்படித் தமிழ் என்று தெரிந்துகொண்டான் என்று கேட்டதற்கு, "போல்ட்டைப் பாத்துத் திட்டிட்டு இருந்தீகளே" என்றான்.

அவனிடம்தான் முழுக்கதையும் இருந்தது. தினமும் காலையில் அந்தப் பாதையைக் கூட்டுகிறவன் அவன். கொஞ்ச நாளாக ஆட்கள் வருகிறார்களாம், போனைப் பார்ப்பார்களாம், பாலத்தைத் தடவுவார்களாம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எதையோ ஒளித்துவைத்துவிட்டுப் போவார்களாம். "ஒருத்தர் நேத்து ஸ்பேனர் கொண்டாந்துட்டாருண்ணே. நெச நட்டைத் திருகுறாரு. நான் போய், சார் பாலம் விழுந்துரும்னேன். சாரி சாரின்னு ஓடிட்டாரு." அவன் காட்டிய போல்ட்டைப் பார்த்தேன், அரைச்சுற்று கழன்றுதான் இருந்தது. தன் மேஸ்திரியிடம் சொல்லி இறுக்கச் சொல்லியிருக்கிறானாம். நான் வைத்தது ஒரு காந்தம், அதிலிருந்து எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் பாருங்கள்.

"ஆமா, அந்த டப்பாவை எல்லாம் நீ ஏன் அள்ளவில்லை?" என்று கேட்டேன்.

"மொத ஒண்ண அள்ளினேண்ணே. மறுநாளே அதே இடத்துல வேற ஒண்ணு இருந்துச்சு. சரி, ஏதோ நேத்திக்கடன்போலன்னு விட்டுட்டேன்."

ஆக நான் கணக்குப் போட்டதைவிட அங்கே உதவி அதிகமாகவே நடந்திருக்கிறது.

ரிமூவர் போட்டுக் கால்மணி நேரத்துக்குமேல் காத்திருந்தும் போல்ட் அசையவில்லை. தம்பி தன் பையிலிருந்து ஒரு தகட்டைக் கொண்டுவந்து, ஓரத்தில் மெல்லச் செருகி, ஒரு நெம்பு நெம்பினான். டப் என்று வந்துவிட்டது. உள்ளே தாளைப் பார்த்தால், என் வாழ்நாளில் அவ்வளவு காய்ந்த லாக் தாளைச் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. பசை போட்டு அடைத்ததில் ஒரு சொட்டு ஈரம் போகவில்லை. கடைசிப் பெயர் பசைக்காரருடையது, அழகான கையெழுத்து, தேதி நேரம் எல்லாம் போட்டு. கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

"இதுக்கு எவ்வளவுண்ணே குடுக்குறாங்க?" என்றான் தம்பி. ஒன்றும் கிடையாது, நாம்தான் செலவு செய்யவேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான்.

அப்புறம் பஞ்சாயத்து. தாளில் பெயர் இருந்தால்தான் கிடைத்தது என்று கணக்கு, த்ரோடவுனில் எழுதிய பெயரை ஏற்றுக்கொள்ளவேண்டிய கட்டாயம் பெட்டிக்காரனுக்கு இல்லை, தேவைப்பட்டால் லாக்கை நீக்கிவிடலாம். இதில் நான் எல்லாரையும் ஒரே தராசில் போடவில்லை. அங்கே ஒரு டப்பா இருந்தது, நேர்மையாகத் தேடி எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், அவர்கள்மேல் என்ன தப்பு, அப்படியே விட்டுவிட்டேன். தானே டப்பாவைப் போட்டுத் தானே கண்டுபிடித்த இரண்டு பேருக்கு மட்டும், தயவுசெய்து டிஎன்எஃப் என்று மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் டப்பாக்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

ஒருவர் மறுபேச்சில்லாமல் மாற்றிவிட்டார். மற்றவர் நீண்ட பதில் எழுதினார். அவர் தினமும் ஒரு பெட்டியாவது கண்டுபிடித்துத் தொடர்ச்சியாக ஓட்டிக்கொண்டிருக்கிறாராம், அன்றைக்கு இரவு மழை, வேறு பெட்டிக்குப் போக நேரமில்லை, இந்த லாக்கை எடுத்தால் முழுச் சங்கிலியும் அறுந்துவிடும், தவிர அவர் எனக்கு ஒரு டப்பா இனாமாகக் கொடுத்திருக்கிறார், நியாயமாகப் பார்த்தால் நான்தான் நன்றி சொல்லவேண்டும். நன்றி சொன்னேன். லாக்கையும் நீக்கினேன். அதன்பிறகு சந்திப்புகளில் என்னைப் பார்த்தால் கோப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறார்.

பசைக்காரரிடம் மட்டும் என்னால் கடுமையாகப் பேச முடியவில்லை. இனிமேல் எதையும் ஒட்டாதீர்கள் ஐயா என்று மட்டும் எழுதினேன். "அப்போது ஸ்க்ரூ போட்டுவிடலாமா?" என்று உடனே பதில் வந்தது.

போல்ட்டுக்குப் புதுக் காந்தம், பலமானதாக வாங்கி மாட்டி, பெயிண்ட்டைத் திரும்ப அடித்து, அதே பாதையில் கொஞ்சம் தள்ளி வைத்து, ஆப்பில் அட்சரேகை தீர்க்கரேகை எண்களையும் திருத்திவிட்டேன். மேஸ்திரி வந்து நிஜ போல்ட்டை இறுக்கிவிட்டுப் போனாராம். தம்பி என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறான். நேற்று ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது, மெதுவாகக் கேட்கலாம் என்று நினைத்தால் போன் லவுட்ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. "அண்ணே, ஸ்பேனர்காரரு திரும்ப வந்துட்டாரு. இந்தத் தடவ பெருசா ஒண்ணு கொண்டாந்திருக்காரு. வெரட்டவா, இல்ல, உங்க நட்டு எதுன்னு காட்டிவிட்டுரவா?"