பட்ஜெட்டில் காணாமல் போன சம்பளம்: ஒரு சின்ன டிரஸ்டின் சிஎஸ்ஆர் அனுபவம்

மூன்று கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. 90 பிள்ளைகள், ஆறு ஆசிரியைகள், ஒரு ஒருங்கிணைப்பாளர். ஆறு வருடம் நண்பர்கள் கொடுத்த நன்கொடையிலும் எங்கள் கைக்காசிலும் வண்டி ஓடியது. கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி கேட்டுப் போனது 2022-இல்தான். அலைந்து, வாங்கி, செலவு செய்து, கணக்கும் கொடுத்து முடித்தாயிற்று. நடுவில் நாங்களே எங்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கடிதம் போட்டோம். பதினொரு பெரிய கம்பெனிகளின் தலைமை அலுவலகங்களுக்கு ஒரே கடிதம், மேலே பெயர் மட்டும் வேறு. ஒருவரும் பதில் போடவில்லை. எங்கள் ஆடிட்டரிடம் புலம்பியபோது அவர் கேட்டார்: "உங்க ரெண்டாவது சென்டருக்குப் பக்கத்துல ஒரு ஃபேக்டரி இருக்கே, அங்க போனீங்களா?" போகவில்லை. வாரம் இரண்டு தடவை அதன் கேட்டைத் தாண்டித்தான் போகிறோம், ஆனாலும் தோன்றவே இல்லை.

அன்றைக்கு அவர் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அதிலும் தான் தொழில் நடத்தும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு எங்கள் மூன்று கிராமங்களும் வரைபடத்தில் புள்ளிகூட இல்லை. அந்த ஃபேக்டரிக்கோ அவை பக்கத்து ஊர்கள், அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வந்துபோகும் ஊர்கள்.

ஜூன் மாதம் ஃபேக்டரிக்குப் போனோம். சிஎஸ்ஆர் பார்க்கும் அதிகாரி ஒரு பெண், முப்பது வயது இருக்கலாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வருஷத்துக்கான ஆக்‌ஷன் பிளான் போர்டுல பாஸ் ஆகிடுச்சு சார். நவம்பர்ல வாங்க" என்றார். கழற்றி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். சிஎஸ்ஆர் குழு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் செயல்திட்டம் ஒன்று போட்டு இயக்குநர் குழுவிடம் வைக்கிறது. ஏப்ரலில் தொடங்கும் வருடத்துக்கான பேச்சு அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. நடு வருடத்தில் திட்டத்தை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் புதிதாக வந்த எங்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

அந்த ஐந்து மாத இடைவெளி வந்தது நல்லதாகப் போயிற்று. காகித வேலைக்கே அது சரியாக இருந்தது. 2021 ஏப்ரல் முதல், சிஎஸ்ஆர் பணம் வாங்கி வேலை செய்யும் அமைப்புகள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு அப்போது வருமான வரிச் சட்டத்தின்படி டிரஸ்டுக்கான 12ஏ பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் இரண்டும் வேண்டியிருந்தது. எங்களைப் போல, கம்பெனி தானே தொடங்காத வெளி அமைப்புகள் அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவத்தையும் காட்ட வேண்டும். படிவத்தில் அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்து, ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து இரண்டும் போக வேண்டும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மாட்டிக்கொண்டது பெயரில். பான் கார்டில் எங்கள் டிரஸ்ட் 'எஜுகேஷனல்', வங்கிக் கணக்கில் 'எஜுகேஷன்'. ஆறு வருடமாக இரண்டும் சண்டை போடாமல்தான் இருந்தன. இப்போது டிரஸ்ட் பத்திரத்தின் நகல், அறங்காவலர்களின் தீர்மானம், விண்ணப்பம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வங்கிக்கு நாலு நடை. ஒரு 'ல்' சேர மூன்று வாரம் ஆயிற்று. நிதி கேட்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், பத்திரம், பான், வங்கிக் கணக்கு, 12ஏ உத்தரவு நாலையும் ஒரு நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன்.

நவம்பரில் ப்ரொபோசலோடு பட்ஜெட்டும் கேட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், "சிஎஸ்ஆர்ல நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினா தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார். எங்கோ கேள்விப்பட்டதாம். ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. அதை நிர்வாகச் செலவு என்று நாங்களே முடிவு கட்டினோம். 5 சதவீதத்துக்குள் அது எப்படி அடங்கும்? அந்த வரியையே எடுத்துவிட்டோம். மிஞ்சியது: ஆறு ஆசிரியைகளுக்குத் தலா 5,000 வீதம் வருடத்துக்கு 3,60,000, புத்தகங்களுக்கு 60,000, பாய், பலகை, விளக்குக்கு 45,000, தணிக்கைக்கு 15,000. மொத்தம் 4,80,000. பார்க்க அழகாக இருந்தது. மூன்று மையங்களையும் யார் சுற்றிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

டிசம்பரில் அந்த அதிகாரி கள ஆய்வுக்கு வந்தார். பவர்பாயிண்ட் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன், திறக்கவே விடவில்லை. நேராகப் பாயில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தையிடம், "நேத்து என்ன படிச்சீங்க?" என்று கேட்டார். அது கழித்தல் கணக்கு ஒன்றைப் போட்டே காட்டியது. அடுத்து வருகைப் பதிவேட்டைக் கேட்டார். இரண்டு பக்கம் புரட்டினார். திங்கள் முதல் சனி வரை ஒரே நீல மை, ஒரே சாய்வு. ஒரே மூச்சில் போட்ட டிக் என்று யார் பார்த்தாலும் தெரியும்.

"இது தினமும் போடுறதா சார்?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "இல்ல மேடம், ஆசிரியை நோட்டுல குறிச்சு வைப்பாங்க. எங்க ஒருங்கிணைப்பாளர் தம்பி சனிக்கிழமை வந்து இதுல ஏத்துவான்" என்றேன். அந்தக் கசங்கிய நோட்டை எடுத்துக் காட்டினேன். பேனா, பென்சில், ஒரு இடத்தில் ஸ்கெட்ச்கூட இருந்தது. அவர் அதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டார். "இனிமே இதையே பதிவேடா வச்சுக்கங்க, அழகா எழுதின பிரதி வேண்டாம்" என்றார்.

கிளம்பும்போது, "அந்தத் தம்பிக்கு யார் சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டார்.

2023 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 40, 40, 20 சதவீதமாக மூன்று தவணை. முதல் தவணை 1,92,000 மே மாதம் வந்தது. அதற்கப்புறம்தான் தலைவலி. கம்பெனி கொடுத்த பணம் சொன்னபடி செலவானது என்று அதன் நிதித் தலைமை அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் எங்களிடம் யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், கேட்பார்கள். ஆடிட்டர் கையெழுத்து மட்டும் போதாது, சான்றிதழில் அதற்கென்றே ஆடிட்டர் எடுக்கும் பதினெட்டு இலக்க அடையாள எண்ணான யூடிஐஎன்னும் இருக்க வேண்டும். பில்லில் டிரஸ்ட் பெயர் இல்லையென்றால் செல்லாது. சந்தையில் வாங்கிய பன்னிரண்டு பாய்க்கு பில்லே இல்லை. வவுச்சர் எழுதி, விற்றவரிடம் கையெழுத்து வாங்க அடுத்த சந்தை நாள் வரை காத்திருந்தோம்.

இந்த வேலையெல்லாம் யார் செய்தது? பட்ஜெட்டில் இல்லாத அதே தம்பிதான். பகலில் பில் சேகரிப்பு, மாலையில் மையம், இரவில் அறிக்கை. கம்பெனி பணம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் பழைய நன்கொடையாளர்கள் சிலர், "இனி உங்களுக்கென்ன கவலை" என்று நிறுத்திக்கொண்டார்கள். அவன் சம்பளம் வந்துகொண்டிருந்தது அவர்கள் கொடுத்த நன்கொடையிலிருந்துதான். செப்டம்பரிலும் அக்டோபரிலும் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. பெட்ரோல் செலவைக் குறைக்க மூன்றாவது மையத்துக்குப் போவதை மட்டும் வாரம் ஒரு நாளாக்கிக்கொண்டான். அந்த மையத்தில் முப்பது பிள்ளைகள் பதினெட்டாகக் குறைந்தார்கள். "அண்ணா, நான் போகாததுதான் காரணம்" என்று அவனே வந்து சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆடிட்டரிடம் போய் அந்த 5 சதவீத விஷயத்தைக் கேட்டேன். விதியை எடுத்து என் முன்னால் வைத்தார். நிர்வாகச் செலவு என்று அது சொல்வது, கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவைப் பொதுவாக நடத்த ஆகும் செலவை. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது என்று அதே வரியில் இருக்கிறது. மூன்று மையங்களையும் சுற்றிப் பார்ப்பவரின் சம்பளம் திட்டத்தை நடத்தும் செலவு இல்லாமல் வேறென்ன? சில கம்பெனிகள் தாங்களாக ஒரு வரம்பு வைத்திருப்பதுண்டாம், அது வேறு. அதை அவர்களிடமே முதலில் கேட்டுவிடலாம். நாங்கள் கேட்கவும் இல்லை, விதியைப் படிக்கவும் இல்லை. யாரோ சொன்னதை நம்பி ஒருத்தன் சம்பளத்தில் கை வைத்தோம்.

நவம்பரில் இரண்டாம் வருட ப்ரொபோசல் எழுதினோம். அதில் மூன்றாவது மையத்தில் பிள்ளைகள் குறைந்ததையும் அதற்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். பட்ஜெட்டின் முதல் வரி: ஒருங்கிணைப்பாளர் சம்பளம், ரூ. 1,80,000. அந்த வரிக்காக வாதாட விதியின் நகலையும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அதிகாரி பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாக இறங்கினார். முதல் வரியைக் கடந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியைகள், புத்தகம், தணிக்கை, எல்லாம் தாண்டி அடியில் வந்து நின்றார்.

"எல்லாம் சரி சார். பெட்ரோல் எங்க?"