கைமுறுக்கில் ஒரு அம்மோனைட்: அரியலூர் போய்வந்த பிறகு மூன்று ஞாயிறுகள்

போன மாதம் குடும்பத்தோடு அரியலூர் பக்கம், வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். ஏழு வயது மகள் டைனோசர் பார்க்கத்தான் கிளம்பினாள். ஆனால் அவள் நகராமல் நின்றது அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் புதைபடிவத்துக்கு முன்னால். "அப்பா, இது நத்தையாப்பா?" இல்லை, கணவாய்க்குச் சொந்தம் என்றேன். ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு இருக்கும், வளர வளரப் புது அறை கட்டும், கடைசி அறையில்தான் குடியிருக்கும் என்றதும் அவளுக்குக் கண் விரிந்துவிட்டது.

வரும் வழியிலேயே முடிவு செய்தோம்: எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைக் கூட்டி இதையெல்லாம் செய்துகாட்ட வேண்டும். செய்தும் முடித்தாயிற்று. யாராவது முயன்றால் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிறு அச்சு எடுப்பதிலேயே போய்விட்டது. கடற்கரைச் சிப்பியைக் களிமண்ணில் அழுத்தினால் சிப்பிதான் வந்தது, சுருள் வரவில்லை. அம்மாதான் சமையலறையிலிருந்து ஒரு கைமுறுக்கை நீட்டினார். முறுக்கி முறுக்கிச் சுற்றிய அந்தச் சாய்ந்த வரிகள் அப்படியே அம்மோனைட் ஓட்டின் வரிகள்! தேங்காய் எண்ணெய் தடவி உள்ளங்கையால் அழுத்தியபோது முதலாவது நொறுங்கியது. சப்பாத்திப் பலகையை மேலே வைத்துச் சீராக அழுத்தியதும் சரியாகப் பதிந்தது. எடுக்கும்போது உடைந்தாலும் பரவாயில்லை, துணுக்குகளைத் தூரிகையால் தட்டிவிட்டால் பள்ளம் சுத்தமாக நிற்கும். இதை மகளிடம் நிறுத்திச் சொன்னேன். ஓடு கரைந்து போனாலும் சேற்றில் பதிந்த வடிவம் நிற்கிறது, பிறகு அதில் வேறு தாது நிரம்புகிறது. பல புதைபடிவங்கள் இப்படி உருவானவைதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைப்பதில் ஒரு பாடம். பவுடரில் தண்ணீர் ஊற்றினேன், கட்டி கட்டியாகிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டம்ளர் பவுடரைத் தூவிக் கலக்கியபோது வழுவழுவென்று வந்தது. ஊற்றிய பின் தரையில் லேசாகத் தட்டினால் காற்றுக் குமிழ் மேலே வந்துவிடும். இறுகும்போது சூடாகும். மகள் கை வைத்துப் பார்த்து "காய்ச்சல் அடிக்குதுப்பா" என்றாள். மறுநாள் டீ டிகாஷன் பூசினோம், பழைய கல் நிறம் வந்தது.

இரண்டாம் ஞாயிறு மொட்டை மாடியில் சாக்பீஸ் வேலை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் பெயரிட்ட டைனோசர் புருஹத்காயோசரஸ். ஊன் உண்ணி என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்று புரிந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஓர் எலும்பு மட்டுமே 2 மீட்டர். அதைக் கோடு போட்டு மகளைப் பக்கத்தில் படுக்க வைத்தேன். தலைக்கு மேல் இன்னும் முக்கால் மீட்டருக்கு மேல் எலும்பு மீதி. எத்தனையோ படம் காட்டியும் வராத பிரமிப்பு அந்தக் கோட்டில் வந்தது.

மூன்றாம் ஞாயிறு ஆறு பிள்ளைகள் வந்தார்கள். நான் பத்து நிமிடம்தான் பேசினேன். முதலில் கடல். அரியலூர், பெரம்பலூர் பகுதி டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்தான் இன்று அங்கே சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. 2020-இல் பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் பரபரப்பாகப் பேசினார்கள். கடைசியில் பார்த்தால் அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள். அந்த மண்ணைப் புரிந்துகொள்ளக் கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"அந்தப் பெரிய எலும்பு இப்ப எங்க இருக்கு, அங்கிள்?" என்று ஒரு பையன் கேட்டான். இல்லை, நொறுங்கிப் போய்விட்டது, புகைப்படமும் வரைபடமும்தான் மிச்சம் என்று சொல்லும்போது எனக்கே தொண்டை கனத்தது. அப்புறம் எலும்பை எப்படிக் காப்பாற்றி எடுக்கிறார்கள் என்று செய்து பார்த்தோம். மணலில் புதைத்த மரவள்ளிக்கிழங்கைச் சுற்றித் தோண்டி, ஈரத்தாள் மூடி, பிளாஸ்டரில் நனைத்த பழைய வேட்டித் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றினார்கள். கேள்வி கேட்ட பையன்தான் கடைசிவரை கையெடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையில் பிரித்தபோது கிழங்கு முழுசாக இருந்தது.

அடுத்தது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இருக்கும் கல்மரம், அதாவது கல்லாகவே மாறிப்போன மரம். அது 18 மீட்டருக்கும் மேலே நீளம். மொட்டை மாடி போதாது, தெருவில்தான் கோடு போட வேண்டும்.